பிரளயமும் அத்தையும்

உலகம் அழியப் போகிறது என்ற செய்தியைக் காட்டிலும் ருசியான செய்தி உலகத்தில் வேறு கிடையாது. அரிசி விலை ஏறிற்று என்றால் முகத்தைச் சுளிக்கிறவர்கள்கூட, வால்நட்சத்திரம் பூமியை மோத வருகிறது என்றால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்பார்கள். மதுரைக்காரர்களாகிய நமக்கு இதில் பழைய பழக்கமும் உண்டு. வருணன் ஏவிய கடல் ஊரை விழுங்க வந்ததும், சோமசுந்தரக் கடவுளின் சடையிலிருந்து இறங்கிய நான்கு மேகங்கள் அதைக் குடித்து வற்றச் செய்ததும், பிறகு வருணன் ஏழு மேகங்களை ஏவியபோது அந்த நான்கும் நான்கு மாடங்களாகி ஊரைக் கவித்துக் காத்ததும், பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் இருக்கின்றன. நான்மாடக்கூடல் என்ற பெயரே பிரளயத்துக்குத் தப்பிய பெயர்தானே!

ஆகையால், வானத்திலிருந்து ஒரு மேகம் வந்து பூமியை வதைக்கும் ஆங்கில நாவல் ஒன்றை நண்பர் ஒருவர் கொடுத்தபோது, நாம் அதை இரண்டே இரவுகளில் படித்து முடித்ததில் வியப்பில்லை. சிம்மக்கல்லில் கீழே லாரிகளிலிருந்து பழக்கூடைகள் இறங்கும் அமளி; மாடியிலே நாம் சூரியன் மறைந்த உலகத்தில் நடுங்கிக்கொண்டிருந்தோம்.

அந்த நாவல் 'தி பிளாக் கிளவுட்' என்பது, 1957-ல் வெளிவந்தது. எழுதிய பிரெட் ஹாயில், கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையின் பேர்பெற்ற வானசாஸ்திரி. அமெரிக்காவில் பாலோமார் மலை வானாய்வுக்கூடத்திலே ஓர் இளைஞர், வெவ்வேறு காலத்தில் எடுத்த போட்டோத் தகடுகளை ஒப்பிட்டுப் பார்க்கிறார். ஓரிடத்தில் நட்சத்திரங்களை மறைத்துக்கொண்டு ஒரு கரிய திட்டு வளர்ந்திருக்கிறது. பிரம்மாண்டமான வாயு மேகம் ஒன்று சூரியனை நோக்கி வருகிறது! முதலில் தாங்க முடியாத வெப்பம். பிறகு சூரியன் மறைந்து, எல்லாம் உறைந்துபோகும் குளிர். கோடிக்கணக்கான மக்கள் மாள்கிறார்கள். இதற்கெல்லாம் மேலான ஓர் ஆச்சரியமும் கதையில் உண்டு. அதைச் சொல்லி, படிக்கப் போகிறவர்களின் ருசியைக் கெடுக்க நமக்கு விருப்பமில்லை.

நம் மனத்தை உறுத்தியது மேகம் அன்று, சர்க்கார்தான். ஆபத்து வருகிறது என்று தெரிந்ததும் இங்கிலாந்து மந்திரிகள் செய்கிற முதல் காரியம், விஞ்ஞானிகளை நாட்டுப்புறத்து மாளிகை ஒன்றில் சேர்த்து வாசலை அடைப்பது. செய்தி வெளியே போகக்கூடாதாம், ஜனங்கள் கலவரப்படுவார்களாம்.

இந்த நாவல் வெளிவந்த அதே 1957-ல், காசி இந்து சர்வகலாசாலையில் பட்டம் பெற்ற பத்தொன்பது வயது இளைஞர் ஒருவர் கேம்பிரிட்ஜுக்குப் போனார். பிற்பாடு ஹாயிலுக்கே சீடரானார். அவர்தாம் ஜயந்த் நார்லீகர். 1988-ல் புனாவில் வானியல் ஆராய்ச்சி மையத்தை நிறுவி, 2025 மே மாதத்தில் காலமான பெரியவர். குருவைப் போலவே சீடரும் கதை எழுதினார். அவருடைய 'வால்நட்சத்திரம்' என்னும் கதையைப் பல ஆண்டுகள் மத்தியப் பாடத்திட்டத்தில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் படித்தார்கள்.

அதிலே தத்தா என்னும் வங்காளிக் கனவான், சொந்தத் தூரதரிசினியால் ஒரு வால்நட்சத்திரத்தைக் கண்டுபிடிக்கிறார். அவர் பெயரையே அதற்கு வைக்கிறார்கள். மனைவி இந்திராணி தேவிக்கோ கவலை. வால்நட்சத்திரம் கேடு கொண்டுவரும் என்பது அவள் கேட்டு வளர்ந்த விஷயம். கேம்பிரிட்ஜ் விஞ்ஞானி ஒருவரின் கணக்குப்படி அது பூமியை மோதும் என்று தெரிகிறது. லண்டனில் விஞ்ஞானிகள் ரகசியமாகக் கூடுகிறார்கள். வானத்திலேயே அதன் அருகில் அணுசக்தியால் வெடி வைத்துத் தள்ளிவிடுவதென்று ஏற்பாடாகிறது. வீட்டிலே இந்திராணி தேவி சாந்தி யாகம் நடத்துகிறாள். ஆபத்து விலகிப் போகிறது. யாகம் பலித்தது என்று அவள் மகிழ்கிறாள். தத்தாவோ மனம் நோகிறார்.

இரண்டு கதைகளையும் ஒரு நாள் இராச் சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டில் எல்லாருக்கும் சொன்னோம். யாகத்துக்கு வந்ததும் பிள்ளைகள் கைகொட்டிச் சிரித்தார்கள்; நாமும் சிரித்தோம். சிரிக்காதவர் நம் அத்தை ஒருவர்தான்.

"ஏனப்பா, அந்த அம்மாளைப் பார்த்துச் சிரிக்கிறீர்களே! ரகசியம், ரகசியம் என்று அத்தனை பெரிய மனிதர்களும் வாயைக் கட்டிக்கொண்டார்களே, அவளிடம் யாராவது உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னார்களா? அவர்களுக்குத் தெரிந்ததை அவர்கள் செய்தார்கள், அவளுக்குத் தெரிந்ததை அவள் செய்தாள்" என்றார்.

அப்புறம் மெதுவாகத் தம் கதையைச் சொன்னார். 1962 பிப்ரவரியில் ஏழு கிரகங்களும் கேதுவும் மகர ராசியில் கூடிய அஷ்டக்கிரகச் சேர்க்கையின்போது அத்தைக்குப் பத்து வயது. உலகம் முடிந்துவிடும் என்று பாரதம் முழுவதும் யாகங்களும் பிரார்த்தனைகளும் நடந்த காலம். மூன்று நாள் பிள்ளைகளைத் தெருவில் விடவில்லை. "என்ன நடக்கப் போகிறது என்று கேட்டேன். 'சின்னப் பிள்ளைக்கு எதற்கு?' என்றார்கள். கிரகத்தைவிட அந்தப் பதில்தான் எனக்குப் பயமாக இருந்தது."

நம் சிரிப்பு அடங்கிவிட்டது. அத்தை சொன்னதில் உண்மை இருக்கிறது. மறைத்த செய்திதான் பேயாகிறது. பாதி சொன்ன செய்தியும் அப்படியே. 1910 மே மாதத்தில் ஹாலி வால்நட்சத்திரத்தின் வாலில் நச்சு வாயு இருப்பதாகப் பத்திரிகைகள் எழுதின. அந்த வால் நம் மூச்சுக் காற்றைத் தொடவே முடியாத அளவு மெல்லியது என்ற மற்றப் பாதி, பலர் காதில் ஏறவில்லை. மேல்நாடுகளில் வால்நட்சத்திர மாத்திரை விற்றவர்கள் பணம் பண்ணினார்கள்.

முழுதும் சொன்னால் என்ன ஆகும்? அதற்கும் உதாரணம் கிடைத்திருக்கிறது. 2024 டிசம்பர் 27-ல் சிலி நாட்டிலுள்ள தூரதரிசினி ஒரு விண்கல்லைக் கண்டது. பெயர் 2024 ஒய்.ஆர்.4. 2032 டிசம்பர் 22-ல் அது பூமியில் விழக்கூடும் என்றும், விழக்கூடிய பாதையில் அரபிக் கடலும் தெற்கு ஆசியாவும் உண்டு என்றும் விஞ்ஞானிகள் பகிரங்கமாகவே அறிவித்தார்கள். வாய்ப்பு நூற்றுக்கு 1 என்றார்கள். 2025 பிப்ரவரியில் நூற்றுக்கு 3-க்குச் சற்று மேல் என்றார்கள். அந்த மாதம் முடிவதற்குள் பூமிக்கு ஆபத்தில்லை என்றார்கள்.

"ஏறிய கணக்கு எப்படிச் சட்டென்று இறங்கும்?" என்றார் அத்தை. நாம் இப்படிச் சொன்னோம்: உறவினர் ஒருவர் மதுரைக்கு வருகிறார், யார் வீட்டுக்கு என்று தெரியாது. அவ்வளவு பெரிய ஊரில் நம் வீட்டுக்கு வரும் வாய்ப்புச் சொற்பம். சிம்மக்கல்லில் பஸ்ஸை விட்டு இறங்கினார் என்றால் வாய்ப்பு ஏறுகிறது. நம் தெருவில் திரும்பினார் என்றால் இன்னும் ஏறுகிறது. அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினார் என்றால்? அத்தை சிரித்தார். "காப்பிப் பொடி மிச்சம்!" என்றார்.

அவ்வளவுதான் கணக்கு. இதைப் புரிந்துகொள்ளச் சர்வகலாசாலைப் பட்டம் வேண்டியதில்லை. சொல்ல ஓர் ஆள் வேண்டும். ஓட்டுச் சீட்டை ஜனங்களிடம் நம்பிக் கொடுத்த தேசம் இது. ஒரு கணக்கையும் நம்பிக் கொடுக்கலாம். தள்ளிவிடும் உபாயமும் இப்போது வெறுங் கதையன்று. 2022 செப்டம்பர் 26-ல் அமெரிக்க விண்கலம் ஒன்று டிமார்பஸ் என்னும் சிறு விண்கல்லின்மேல் வேண்டுமென்றே மோதி, அது தன் துணைக்கல்லைச் சுற்றும் நேரத்தை அரை மணிக்குமேல் குறைத்தது.

இதை இப்போது சொல்லக் காரணம் உண்டு. 300 மீட்டருக்கு மேற்பட்ட அபோபிஸ் என்னும் விண்கல் பூமிக்குச் சுமார் 32,000 கிலோமீட்டர் உயரத்தில் கடந்து போகப் போகிறது. நம் நாட்டுக் கடிகாரப்படி அது 2029 ஏப்ரல் 14-ந் தேதி விடியுமுன், மணி மூன்றேகால் சுமாருக்கு. அதாவது சித்திரை வருஷப் பிறப்பன்று! அபோபிஸ் என்பது எகிப்தியரின் இருட்டுப் பாம்பின் பெயர். நம் ராகு கேதுவுக்கு உறவினன் போலிருக்கிறது. பெயரும் நாளும் இப்படி அமைந்த பிறகு பயமுறுத்துகிறவர்கள் சும்மா இருப்பார்களா? ஆனால் நூறு ஆண்டுக் காலத்துக்கு அது பூமியை மோதாது என்று 2021-லேயே கணக்கிட்டுச் சொல்லிவிட்டார்கள்.

வாசகர்கள் இந்த விஷயத்தைத் தங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் இன்றைக்கே சொல்லிவைக்க வேண்டுகிறோம். நம் வீட்டில் சொல்லியாயிற்று. அத்தை பஞ்சாங்கத்தின் கடைசிப் பக்கத்தில் தேதியையும் மணியையும் குறித்துக்கொண்டு, "அன்றைக்கு என்னை எழுப்பாமல் இருந்துவிடாதே" என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்.