தைத்த கப்பலும் காலித் துறைமுகமும்

தெமட்டகொடை என்றதும் உங்களுக்கு என்ன நினைவு வரும், சகோதரிகளே? பேஸ்லைன் வீதியின் வாகன நெரிசல், புகையிரத எஞ்சின்கள் நிற்கும் பெரிய கொட்டகை, மழைக்குப் பொங்கும் ஓடை. கப்பலை யாரும் நினைக்க மாட்டீர்கள். ஆனால் எங்கள் வீட்டில் கப்பல் பேச்சு இருந்தது. என் உம்மாவின் வாப்பா இங்கே ஒரு மரக்காலையில் வேலை பார்த்தவர். இளவயதில், கொழும்புத் துறைமுகத்துக்கு வரும் தூத்துக்குடித் தோணிகளுக்கு மராமத்து வேலைக்கும் போவாராம்.

எந்தப் பலகையையும் முதலில் விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார். நல்ல மரம் கணீரென்று கேட்கும். உள்ளே உக்கிய மரம் பொத்தென்று சொல்லும். "மரக்கலத்தை உக்க வைப்பது கடல் தண்ணீர் இல்லை, மழைத் தண்ணீர்தான்" என்பாராம். நாம் ஊறுகாய்க்கு உப்புப் போடும் காரணமேதான். உப்பு நீரில் ஊறிய மரம் எளிதில் உக்காது. மேல்தட்டின் இடுக்கில் இறங்கித் தேங்கும் மழைநீர்தான் உள்ளே இருக்கும் வங்குக் கால்களை அரித்துவிடும். வங்கு என்றால் கப்பலின் விலா எலும்பு. ஏரா என்றால் அதன் முதுகெலும்பு.

சென்ற பாடசாலை விடுமுறையில் காலியிலுள்ள மதினி வீட்டுக்குப் புறப்பட்டோம். மருதானையில் ஏறினால் கரையோரப் புகையிரதம் மொறட்டுவை, பாணந்துறை, பேருவளை என்று கடலை உரசிக்கொண்டே போகும். வலப்பக்க ஜன்னலுக்குப் பிள்ளைகள் போட்ட சண்டையை எழுதினால் அதுவே ஒரு கட்டுரையாகிவிடும். நான் இடப்பக்கம் இருந்தேன். அதனால்தான் தெற்கே போகப் போகத் தேங்காய் மட்டைகள் ஊறும் குழிகள் கண்ணில் பட்டன. உவர் நீரில் மாதக்கணக்கில் ஊறிய மட்டையை அடித்து நாரெடுத்துக் கயிறு திரிப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள்தாம். அந்தக் கயிறு ஒரு காலத்தில் கப்பல் தைத்த நூல் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

ஆம், தைத்த நூல்தான். ஆணியே இல்லாமல், பலகையின் ஓரங்களில் துளையிட்டு, பொருத்தின் மேல் நார் வைத்து, கயிற்றால் குறுக்கும் மறுக்கும் தைத்து இறுக்குவார்கள். வங்குக் கால்களையும் கயிற்றாலேயே கட்டுவார்கள். 1344 இல் இலங்கைக்கு வந்த இப்னு பதூதாவும் இதை எழுதியிருக்கிறார். ஆணி அடித்த கப்பல் பாறையில் மோதினால் உடைந்துவிடும், தைத்த கப்பல் நெகிழ்ந்து கொடுக்கும் என்பது அவர் சொன்ன காரணம்.

எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றுவது வேறு. இரும்பாணி துருப்பிடித்தால் சுற்றியுள்ள மரத்தையும் கெடுத்துவிடும். தைத்த கப்பலில் ஒரு பலகை உக்கினால் தையலைப் பிரித்து, அதே அளவில் புதுப் பலகை வைத்து, மறுபடி தைத்துவிடலாம். கிழிந்த சட்டைக்கு ஒட்டுப் போடத் தெரிந்த எவருக்கும் இது புரியும். வங்குக் கால் மாற்றுவது அத்தனை எளிதல்ல. நேர் மரத்தை வளைவாக அறுத்தால் நார் வெட்டுப்பட்டு வலுவிழக்கும். அந்த வளைவிலேயே வளர்ந்த கிளையைத் தேடி அலைய வேண்டும்.

1998 இல் இந்தோனேசியாவின் பெலித்துங் தீவருகே 9 ஆம் நூற்றாண்டுக் கப்பலொன்று கடலடியில் கிடைத்தது. சீனப் பாத்திரங்கள் சுமார் 60,000 அதில் இருந்தன. கப்பலோ தைத்தது. அதே போன்ற ஒன்றை ஓமான் அரசு தன் நாட்டிலேயே கட்டி, 'மஸ்கட்டின் ஆபரணம்' என்று பெயரிட்டுச் சிங்கப்பூருக்கு அன்பளிப்பாக அனுப்பியது. நீளம் 18 மீற்றர். புழு துளைக்காமலிருக்க அடிப்பாகத்தில் பூசியது சுண்ணாம்பும் ஆட்டுக் கொழுப்பும். 2010 பெப்ரவரியில் மஸ்கட்டில் பாய் விரித்து, கொச்சி வழியாகக் காலிக்கு வந்தது.

வந்த இடத்தில்தான் சோதனை. இரண்டு பாய்மரங்களிலும் விரிசல்! பலகையென்றால் பிரித்துத் தைக்கலாம். பாய்மரம் முழு மரம். அதற்கு ஒட்டுப் போட முடியாது. இனி இருப்பதோ வங்காள விரிகுடா. விரிசல் விட்ட மரத்தை நம்பி அதில் இறங்க எந்த மாலுமி துணிவார்? பழையவற்றைக் கழற்றிவிட்டுப் புதுத் தேக்கு மரங்களைச் செதுக்கிக் காலியிலேயே நிறுத்தினார்கள். மரமும் செதுக்கும் கையும் இங்கே கிடைக்காமல் போயிருந்தால் பயணம் காலியோடு முடிந்திருக்கும். கப்பல் 2010 ஜூலை 3 இல் சிங்கப்பூரை அடைந்தது.

காலிக் கோட்டை மதிலில் நின்று துறைமுகத்தைப் பார்த்தபோது இதையெல்லாம் மதினியிடம் சொன்னேன். "நம்மட நாட்டிலயும் தைச்ச கப்பல் இருந்திச்சாமே?" என்றார். இருந்தது. யாத்ரா தோணி என்ற பெரிய பாய்க்கலம் இந்தத் தென்கரையிலிருந்து மாலைதீவுக்கும் இந்தியாவுக்கும் சரக்கேற்றிப் போய் வந்தது. சென்ற நூற்றாண்டின் முற்பகுதியோடு மறைந்துவிட்டது. தொடந்துவை குமாரகந்த விகாரையிலிருந்த ஒரு மாதிரியை அளந்துதான் டொம் வோஸ்மர் என்ற ஆய்வாளர் 1993 இல் அதைப் பற்றி எழுதினார். ஓமானில் அந்தக் கப்பலைக் கட்டும் பணியை நடத்தியவரும் அவரேதான். நம் கடலில் ஓடிய கலத்துக்கு மிஞ்சியது ஒரு பொம்மை அளவு. மனம் கனத்துத்தான் போனது.

வீடு திரும்பியதும் சாமான் அறையைக் கிளறினேன். மூத்தவாப்பாவின் வாச்சி அரிசிப் பெட்டிக்குப் பின்னால் கிடந்தது. இரும்பு நன்றாகவே இருக்கிறது. பிடியைக் கறையான் தின்றுவிட்டது. அதை எங்கள் தெருத் தச்சரிடம் கொடுத்தேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இப்ப இத யாரு பிடிக்கப் போறா, தாத்தா?" என்று கேட்டார். மகன் பிடிக்கட்டும், முதலில் பிடியைப் போடுங்கள் என்றேன். புளிய மரம்தான் தாங்குமாம். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு வரச் சொல்லியிருக்கிறார்.