தமையனார் மணம்

உடன்பிறந்தார் அன்பைப் போற்றாத மேடையும் இல்லை. புகழாத நூலும் இல்லை. ஆயினும், அவ்வன்பினிடையே காதல் என்னும் மற்றோர் அன்பு புகுங்கால் நிகழ்வன யாவை என்பதை நம் மேடைகள் பெரும்பாலும் பேசுவதில்லை. அதனை நகைச்சுவை ததும்பக் காட்டிய படமொன்றினையும், அஃது எமது இல்லத்தில் விளைத்த சிறு கலகத்தையும் இம்மலரின் நேயர்கட்கு எடுத்துரைக்க விழைகின்றோம். தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணவர் சினிமாவைப் பற்றி எழுதுவதா எனப் புருவம் நெரிக்கும் பெரியோர், இறுதிவரை பொறுத்தருள்வாராக.

படத்தின் பெயர் 'வீரம்.' 2014-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 10-ஆம் நாள், பொங்கலையொட்டி வெளிவந்தது. விஜயா புரொடக்‌ஷன்ஸார் எடுத்தனர், சிவா இயக்கினார், அஜித்குமாரும் தமன்னாவும் தலைமைப் பாத்திரங்களில் நடித்தனர். பெயரைக் கேட்டார் போர்ப்பறையையே எதிர்பார்ப்பர். பிற்பகுதியில் அதற்குக் குறைவும் இல்லை. முற்பகுதியோ முழுதும் காதல் நகைச்சுவையே. ஒட்டன்சத்திரத்தில் வாழும் உடன்பிறந்தார் ஐவருள் மூத்தவன் விநாயகம். மனையாள் ஒருத்தி வந்தால் தம்பியரைத் தன்னினின்று பிரித்துவிடுவாள் என அஞ்சி, மணமே வேண்டாவென்று இருப்பவன். தம்பியரும் தமக்கு மணம் வேண்டாவென்றே சாதிக்கின்றனர். ஆனால் அவருள் இருவர்க்கு மறைவிற் காதலியர் உளர். மூத்தவன் மணந்தாலன்றித் தம் மணம் நடவாது. ஆகவே அண்ணனுக்குக் காதல் உண்டாக்கப் புறப்படுகின்றனர். பள்ளிப் பருவத்தில் அவன் உள்ளங் கவர்ந்தவள் பெயர் கோப்பெருந்தேவி என்பதறிந்து தேடுகின்றனர். அவளோ மணமாகி மக்களையும் பெற்றுவிட்டாள். என் செய்வது! அப்பெயரே தாங்கிய வேறொருத்தியைத் தேடிக் கண்டு அண்ணன் எதிரே நிறுத்துகின்றனர்.

பெயர்களைச் சிறிது நோக்குக. மூத்தவன் விநாயகம், இளையோர் முருகன், சண்முகம், குமரன், செந்தில். கந்தபுராணத்து வள்ளியம்மை திருமணப் படலத்தில், தம்பியின் காதல் கைகூட யானையாய் வந்து உதவியவர் அண்ணனார் விநாயகர். இப்படத்திலோ முருகன் பெயர் தாங்கிய தம்பியர் ஒருங்குகூடி விநாயகனுக்கு மணமுடிக்க முயல்கின்றனர். பழங்கதை தலைகீழாயிற்று. கோப்பெருந்தேவி என்பதோ சிலப்பதிகாரத்தில் பாண்டியனுடன் உயிர்நீத்த தேவியின் பெயர். அப்பாண்டியனுக்குப் பின் அரசுகட்டில் ஏறிய வெற்றிவேற்செழியன் முன்னர் இருந்ததாகக் காப்பியங் கூறும் கொற்கை, எம் ஊருக்கு அணித்தே உள்ளது.

மூத்தோர் இருக்க இளையோர்க்கு மணம் செய்யலாகாது என்னும் வழக்கு நம் நாட்டிற்கே உரியதன்று. ஆதியாகமத்தில் யாக்கோபை ஏமாற்றிய லாபான் கூறிய காரணமும் அஃதேயன்றோ? இக்கதை தெலுங்கில் 2017-இலும், கன்னடத்தில் 2019-இலும், இந்தியில் 2023-இலும் மீண்டும் படமாயிற்று. எல்லா மொழியிலும் அண்ணன்மார் உளர். அவசரப்படும் தம்பிமாரும் உளர்.

எமது ஊர் பொருநைக் கரையிலுள்ள ஏரல். படம் வந்த பொங்கலின்போது எமக்கு அகவை எட்டு நிரம்பவில்லை. பெரியண்ணன் எம்மைத் திருநெல்வேலிக்கு அழைத்துச்சென்று காட்டினார். கூட்டத்தில் எமக்குத் திரை தெரியாமையால், முற்பகுதி முழுதும் எம்மைத் தம் மடிமேல் நிறுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். அப்போது அவர்க்கு அகவை பத்தொன்பது. இன்று எமக்குள்ள அகவையே. வணிகவியல் பட்ட வகுப்பில் பயின்றுகொண்டிருந்தார். அவ்வாண்டு ஆவணியில் எம் தந்தையார் காலமானார். பெரியண்ணன் கல்லூரியை விடுத்து, குத்தகை நிலத்தில் வாழை பயிரிட்டு, எம் அன்னையாரையும் சின்னண்ணனையும் எம்மையும் தாங்கலானார்.

ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டினின்று வரும் கால்வாய் நீரை நம்பிய வாழ்வு அது. 2023 டிசம்பர் 17, 18-ஆம் நாட்களில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பொழிந்ததும், பொருநை கரைபுரண்டதும், ஏரற் கடைத்தெருவினுள் வெள்ளம் புகுந்ததும், பாலம் பழுதுற்றுப் போக்குவரவு அற்றதும் யாவரும் அறிவர். குலை தள்ளி நின்ற வாழை அனைத்தும் அவ்வெள்ளத்தில் சாய்ந்தன. அடைந்துவந்த கடன் மீண்டும் பழைய அளவிற்கு ஏறிற்று. ஆயினும் எமது கல்லூரிக் கட்டணம் ஒருமுறையேனும் தவறிற்றில்லை.

முதலாண்டில் யாம் பேச்சுப் போட்டியொன்றிற் கலந்துகொண்டோம். பொருள், 'தியாகம்.' எம் தமையனாரையே எடுத்துக்காட்டாக்கினோம். தம்பியர்க்காக மணத்தையே துறந்தார் என்றும், இளங்கோவடிகள் அண்ணனுக்காக அரசு துறந்தார் எனின் இவர் தம்பியர்க்காக இல்லறம் துறந்தார் என்றும் முழங்கினோம். அவையோர் கண்கலங்கினர், முதற்பரிசு எமதாயிற்று. விடுமுறையில் வீடு சென்று, அன்னையார் விரும்பியபடி அவ்வுரையை இல்லத்தார்முன் படித்தோம். பாதி படிக்கும்போதே பெரியண்ணன் எழுந்து, தண்ணீர் முறை பார்த்துவருவதாகக் கூறிச் சென்றார். அடக்கத்தால் எழுந்தார் என்று யாம் கருதினோம்.

அதன்பின் வந்த கிறிஸ்துமஸ் விடுமுறையில் தொலைக்காட்சியில் அப்படத்தைக் குடும்பமாக அமர்ந்து மீண்டும் கண்டோம். பெரியண்ணன் வாய்விட்டு நகைத்தார். சின்னண்ணன் மட்டும் நகைக்கவில்லை. காரணம் அன்றிரவே வெளிப்பட்டது. தூத்துக்குடியில் தம்முடன் பணிபுரியும் நங்கை ஒருத்தியை அவர் இரண்டாண்டாக விரும்பிவருகின்றார். அண்ணன் மணமாகாதிருக்கத் தம் மணத்தை எங்ஙனம் வாய்திறந்து சொல்வது என்று தவிக்கின்றார். படம் எம் வீட்டினுள்ளேயே இறங்கி வந்துவிட்டது!

இருவரும் படத்துத் தம்பியரைப்போலவே சூழ்ச்சி செய்தோம். பெரியண்ணனுடன் பயின்று இப்போது ஊரில் தேநீர்க்கடை வைத்திருக்கும் நண்பரைத் தனியே கண்டு வினவினோம். அவர் முதலில் மழுப்பினார்; பின்னர் உரைத்தார். 2019-இல் அசனப் பண்டிகையன்று பந்தியிற் பரிமாறிய ஒரு பெண்ணைப் பெரியண்ணன் கண்டு விரும்பினாராம். அவள் வீட்டாரும் இசைந்திருந்தனராம். 'ஓராண்டு பொறுங்கள்' என்றாராம் இவர். ஓராண்டு பொறுத்தனர்; மறுபடியும் ஓராண்டு கேட்டார். இன்று அவள் கோயம்புத்தூரில் இரு மக்களுக்குத் தாய்.

படமாயின் இவ்விடத்தில் அதே பெயருடைய மற்றொருத்தி வந்திருப்பாள். ஏரலில் எவரும் வரவில்லை. யாமிருவரும் தேநீரைக் குடியாமலே திரும்பினோம்.

மறுநாள் மாலை ஆற்றங்கரையில் பெரியண்ணனிடம் நேரே கேட்டோம். அவர் நெடுநேரம் நீரையே நோக்கியிருந்து கூறியதை அவர் சொல்லாலேயே தருகின்றோம்:

"எலே தம்பி, நீ மேடையில பேசுனது நல்லாத்தாம்ல இருந்துச்சு. ஆனா அன்னைக்கி நான் பொறுங்கன்னு சொன்னது உங்களுக்காக மட்டுமில்ல. எனக்குப் பயம். கடன் உள்ள வீட்டுக்கு ஒரு பிள்ளையைக் கூட்டிட்டு வந்து என்னன்னு முகத்தைப் பாக்க? அந்தப் பயத்துக்கு நீங்க தியாகம்னு பேரு வச்சிட்டீங்க. ஊரும் அதையே சொல்லுது. இனி நான் பொண்ணு பாக்கப் போனா, தம்பி படிப்பு முடியுமுன்ன இவனுக்கு என்ன அவசரம்னு கேப்பாங்க. மாலையைப் போட்டு உச்சியில ஏத்தி வச்சிட்டு, இறங்கி வான்னா எப்படில இறங்க?"

யாம் யாதும் கூறவியலாது நின்றோம். படத்து விநாயகம் மணம் வேண்டாவென்னும் உறுதியைத் தானே பூண்டவன். எம் தமையனாரோ அத்தகைய சொல்லை ஒருநாளும் உரைத்தாரல்லர். அவர் பெயரால் உரைத்தவர் யாமே. துறந்தார், துறந்தார் என்று நாம் ஒருவரைப் புகழுமளவும், அவர் வேண்டுவது யாதெனக் கேட்கும் கடமை நம்மைவிட்டு அகன்றுவிடுகின்றது. அவர் துறவினால் எமது கட்டணம் செலுத்தப்பட்டது. அத்துறவைப் புகழ்ந்து பரிசும் பெற்றோம். படத்துத் தம்பியர் தந்நலத்தால் அண்ணனுக்கு மணம் தேடினர் என்று நகைக்கின்றோமே, அவர்கள் தேடவேனும் தேடினர்.

அதன்பின் நடந்தன சிலவே. சின்னண்ணன் தம் செய்தியை உரைத்தார். 'மூத்தவன் இருக்க இளையவனுக்கா? உறவினர் என்ன சொல்வர்?' என்று அன்னையார் வருந்தினார். "லாபான் ஊர் வழக்கம் நமக்கு எதுக்கும்மா?" என்று பெரியண்ணன் நகைத்து, தாமே பெண்வீட்டாரிடம் சென்று பேசி முடித்தார். கோயிலில் திருமண அறிவிப்பும் வாசிக்கப்பட்டாயிற்று. பெரியண்ணனுக்குப் பெண் பார்க்குமாறு ஐயரம்மாளிடம் அன்னையார் கூறியுள்ளார். அதற்கு அவர் இசைந்தது ஒரு கட்டுப்பாட்டின்மேல்: கடன் இவ்வளவு என்பதை முதலிலேயே தாமே அப்பெண்ணுக்குச் சொல்லவேண்டும் என்பது. இன்றளவும் எவ்விடமும் அமையவில்லை. அகவை முப்பத்தொன்று, கடன், குத்தகை நிலம் என்றவுடன் பலர் மறுமொழி அனுப்புவதில்லை.

யாம் இப்போது மாலைதோறும் பள்ளிச் சிறுவர் அறுவர்க்குத் தமிழ் கற்பிக்கின்றோம். விடுதி உணவுச் செலவு அதிலேயே நிறைவேறுகின்றது. முதன்முறை இதனைத் தெரிவித்தபோது பெரியண்ணன் சினந்தார். இரண்டாம் திங்களில் யாதும் சொல்லவில்லை. மூன்றாம் திங்களில் தமக்கொரு புதுச்சட்டை வாங்கிக்கொண்டதாக அன்னையார் தொலைபேசியிற் கூறினார்.

இவ்வாண்டும் பேச்சுப் போட்டிக்குத் 'தியாகம்' என்பதே பொருளாக அறிவிக்கப்பட்டது. யாம் பெயர் கொடுக்கவில்லை.