நாத வைத்தியம்

சங்கரன்கோவிலுக்கும் கோவில்பட்டிக்கும் இடைப்பட்ட கரிசல் பூமியில், உளுந்தும் பருத்தியும் மக்காச்சோளமும் மாறி மாறி விளையும் காடுகளின் நடுவே இருக்கும் குருவிகுளத்துக்கு, என் மைத்துனர் வீட்டு விசேஷத்தை முன்னிட்டுச் சென்றிருந்த நான், அவர் புதிதாக வாங்கியிருந்த பழைய காரில் ஏறி உட்கார்ந்து பாட்டுக் கேட்கும் பாக்கியத்தைப் பெற்றேன். பாக்கியம் என்று சொன்னது உபசாரத்துக்காகத்தான். மிருதங்கம் தகர டப்பாவாகவும், பாடுகிறவர் கிணற்றுக்குள்ளிருந்து பாடுகிறவராகவும் கேட்டார்கள். சப்தத்தைச் சற்று ஏற்றினால் கரகரப்பு. வண்டியை வேகமாக ஓட்டினால், பாட்டின் பின்னால் ஒரு கொசு தன் ஸ்வரத்தை உயர்த்திக்கொண்டே தொடர்ந்து வந்தது. செட்டை மாட்டிக்கொடுத்த நகரத்துக் கடையிலோ, செட்டுக்குச் சக்தி போதாது, பெரிய ஆம்ப்ளிஃபையர் ஒன்றை வாங்கி வைத்தால் சரியாகிவிடும் என்று சொல்லியனுப்பிவிட்டார்களாம்.

சங்கரன்கோவில் போகும் சாலையின் ஓரத்தில், வேப்பமரத்து நிழலில், தகரக் கொட்டகை போட்டுக்கொண்டு, வண்டிகளுக்குப் பாட்டுச் செட்டு மாட்டிப் பழுது பார்க்கும் தொழிலை நடத்திவரும் பெரியவர் ஒருவரிடம் மைத்துனர் என்னை அழைத்துச் சென்றார். அறுபதைத் தாண்டியவர். இளமையில் சவுண்ட் சர்வீஸ் ஒன்றில் வேலை பார்த்து, கல்யாண வீடுகளுக்காகப் பனைமரத்தின் மேல் ஏறிக் குழாய் கட்டியவர். அந்தக் குழாய்களின் பக்கத்திலேயே பல வருஷங்கள் இரவும் பகலும் கழித்ததன் பலனாக அவருடைய இடது காது மந்தித்துப்போயிற்று. ஆகவே எதைக் கேட்பதானாலும் வலது காதைத் திருப்பிக்கொண்டு, நாடி பார்க்கும் வைத்தியரைப் போலக் கண்ணை மூடிக்கொள்கிறார்.

நாங்கள் போனபோது அவர் ஒரு டிராக்டருக்கு வைத்தியம் செய்துகொண்டிருந்தார். சாவியைத் திருப்பி நிறுத்தினால் போதும், அதன் செட்டு நேரத்தையும் ரேடியோ நிலையங்களையும் அடியோடு மறந்துவிடும் என்பது அதன் வியாதி. மஞ்சள் வயர் எப்போதும் பேட்டரியோடு இருக்க வேண்டியது. சிவப்பு வயர் சாவியோடு உயிர் பெற வேண்டியது. யாரோ இரண்டையும் இடம் மாற்றி முறுக்கிவிட்டிருந்தார்கள். இரண்டு நிமிஷத்தில் வேலை முடிந்து, டிராக்டர் ஊரே கேட்கும்படி பாடிக்கொண்டு புறப்பட்டது.

எங்கள் முறை வந்தது. பெரியவர் கருவி எதையும் கையில் எடுக்கவில்லை. தம் கைபேசியில் ஒரு பாட்டைப் போட்டு, அதைச் செட்டோடு இணைத்தார்: 1962இல் வந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தில், கோவில்பட்டியில் வாழ்ந்த காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரத்தோடு எஸ். ஜானகியின் குரல் போட்டியிடும் அந்தப் பிரசித்தமான பாட்டு. ஊர்ப் பற்றினால்தான் இதைத் தேர்ந்தெடுத்தார் என்று நான் எண்ணினேன். காரணம் அதுவன்று என்பது பிறகு தெரிந்தது. அக்காலத்துப் பதிவுகளில் இடம் வலம் என்ற பேதம் கிடையாது; இரண்டு ஸ்பீக்கருக்கும் ஒரே நாதம்தான் போய்ச் சேரும். பரீட்சைக்கு அதைவிடச் சிறந்த பாட்டு கிடைக்காது.

பாட்டை முழுவதும் இடப்பக்கம் தள்ளினார். தவில் கம்பீரமாக முழங்கிற்று. வலப்பக்கம் தள்ளினார், அங்கும் அதே முழக்கம். நடுவில் கொண்டுவந்து இரண்டையும் சேர்த்துப் பாடவிட்டார். தவில் மாயமாய் மறைந்துபோயிற்று! தனித்தனியே நிற்கும்போது நன்றாயிருக்கும் இரண்டு பேர் ஒன்றுசேர்ந்ததும் ஒருவரையொருவர் கெடுத்துக்கொள்ளும் விபரீதத்தைக் குடும்பங்களிலும் கட்சிகளிலும் பார்த்திருக்கிறேனேயன்றி, ஸ்பீக்கர்களிடம் அன்றுதான் கண்டேன்.

"செட்டு மேல ஒரு குத்தமும் இல்ல, அண்ணாச்சி. ஒண்ணு முன்னால தள்ளுது, ஒண்ணு பின்னால இழுக்குது. காத்து என்ன செய்யும்?" என்றார் பெரியவர்.

விஷயம் அவ்வளவுதான். ஸ்பீக்கருக்குப் போகும் இரண்டு வயர்களில் கூட்டல் எது, கழித்தல் எது என்ற கணக்கு ஒரு கதவில் மட்டும் தலைகீழாகிவிட்டால், இடது ஸ்பீக்கரின் தாள் காற்றை வெளியே தள்ளுகிற அதே கணத்தில் வலது ஸ்பீக்கரின் தாள் உள்ளே இழுக்கும். வினாடிக்கு 100 முறை அதிரும் தாழ்ந்த நாதத்தின் அலை காற்றிலே ஏறக்குறைய 3.4 மீட்டர் நீளமுடையது. காரின் அகலமோ அதில் பாதியைக்கூட எட்டாது. ஆகவே அந்தச் சிறு அறைக்குள் இரண்டு அலைகளும் ஒன்றையொன்று விழுங்கிவிடுகின்றன. உயர்ந்த ஸ்வரங்களின் அலை குறுகியதாகையால் அவை அங்குமிங்கும் சிதறித் தப்பித்துக்கொள்கின்றன. தகர டப்பா ஓசைக்கு மூலகாரணம் இதுவே.

கரகரப்புக்கும் இதுவே காரணம் என்று அவர் சொன்னபோது நான் உடனே நம்பவில்லை. தவில் கேட்கவில்லையே என்ற தாபத்தில் என் மைத்துனர் பேஸை முழுவதும் திருகி வைத்திருந்தார். தாழ்ந்த நாதத்தைப் 10 டெசிபெல் உயர்த்த வேண்டுமானால் அதற்குப் பத்து மடங்கு சக்தி வேண்டும். செட்டின் முகப்பில் நான்கு ஸ்பீக்கருக்கும் தலைக்கு 50 வாட் என்று ஜம்பமாக அச்சிட்டிருந்தாலும், எஞ்சின் ஓடும்போது கிடைக்கும் 14 வோல்ட்டைக் கொண்டு 4 ஓம் ஸ்பீக்கருக்கு அது பழுதில்லாமல் தரக்கூடியது இருபது வாட்டைச் சுற்றித்தான். இல்லாத சக்தியைக் கேட்டால் அலையின் தலை மழுங்கும். மழுங்கிய அலைதான் கரகரப்பு. பெரிய ஆம்ப்ளிஃபையர் வாங்கியிருந்தால் வியாதி அப்படியே இருக்க, செலவு மட்டும் வளர்ந்திருக்கும்.

அவரிடம் வேலை பழகும் பையன் கதவின் உள்தட்டைக் கழற்றினான். செட்டின் பின்னாலிருந்து முன்பக்க வலது ஸ்பீக்கருக்கு வரும் ஜோடியில் ஒன்று சாம்பல் நிறம், மற்றொன்று கறுப்புக் கோடு போட்ட சாம்பல் நிறம். கோடு போட்டது கழித்தல். ஆனால் கதவுக்குள் ஒட்டுப்போட்டிருந்த வயரில் அடையாளமே இல்லை. "ஏலேய், அந்தக் கடிகாரத்து பேட்டரிய எடுத்தா" என்றார் பெரியவர். "எடுத்துட்டேன் மாமா" என்று, சுவர்க் கடிகாரத்தின் ஒன்றரை வோல்ட் பேட்டரியோடு அவன் ஓடிவந்தான். செட்டிலிருந்து பிரித்துவிட்ட வயர்முனைகளில் அதை ஒரு கணம் தொட்டதும் ஸ்பீக்கரின் தாள் 'டுப்' என்று ஒரு நூலளவு உள்ளே போயிற்று. பேட்டரியைப் புரட்டித் தொட்டார், வெளியே வந்தது. தாள் வெளியே வரும்போது பேட்டரியின் கூட்டல் முனை எந்த வயரில் இருக்கிறதோ அதுவே கூட்டல். அதில் சிவப்பு டேப்பைச் சுற்றினான் பையன்.

எஞ்சின் வேகத்தோடு ஏறியிறங்கிய கொசு, பேட்டரிக்கு மின்சாரம் ஊட்டும் ஆல்டர்னேட்டரின் குரல். செட்டின் எர்த் வயரைப் பெயிண்டின் மேலேயே ஒரு திருகாணியால் அழுத்திவிட்டிருந்தார்கள். பெரியவர் தலைகீழாக டாஷ்போர்டுக்கடியில் நுழைந்து, பெயிண்டைச் சுரண்டி, பளபளக்கும் இரும்பில் போல்ட் போட்டு இறுக்கினார். சித்திரை வெயிலில் அந்தத் தகரக் கொட்டகையின் கீழ் அப்படிக் கிடப்பதை நான் வெறும் கூலி வேலை என்று சொல்லத் துணியமாட்டேன்.

தொழில் எப்படி நடக்கிறது என்று கேட்டேன். புதுக் கார்கள் கம்பெனியிலேயே திரையும் செட்டுமாக வந்துவிடுகின்றன, வயரை வெட்டினால் வாரண்டி போய்விடும் என்று பயந்து யாரும் வருவதில்லை என்றார். டிராக்டரும் லோடு ஆட்டோவும் மினி பஸ்ஸும்தான் அடுப்பெரிய வைக்கின்றன. வருகிற இளைஞர்கள் கேட்பதெல்லாம் சத்தம்; நாதத்தைக் கேட்பவன் பத்தில் ஒருவன்கூட இல்லை என்று சொல்லித் தம் இடது காதைத் தடவிக்கொண்டார்.

மறுபடியும் நாகஸ்வரம் ஒலித்தது. பேஸ் நடுவில் நிற்க, தவில் கண்ணாடிக்கு முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டது. பெரியவர் வாங்கிக்கொண்ட கூலி முந்நூறு ரூபாய்; புதிதாக மாட்டிய சாமான் ஒரு போல்ட்டும் ஒரு நட்டும்.