திங்கட்கிழமைக் கணக்கு

சென்னைக்குத் தெற்கே கேளம்பாக்கத்துப் பக்கம் பிரசங்கம் செய்ய வருகிறவர்களுக்கு ஒரு வசதி. கோவளம் ரோட்டில் உப்பளம் இருக்கிறது. மலைப்பிரசங்கத்தில் உப்பு வரும் இடத்தை எடுத்தால் ஜன்னல் பக்கம் கை காட்டினாலே போதும். சாரமற்றுப் போன உப்பைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசுவார்கள். அந்த உப்பை வாருகிறவர்களுக்கு என்ன கூலி, மழை பிடித்து அளம் மூடிக்கிடக்கும் மாதங்களில் அரசு தரும் 5,000 ரூபாய் நிவாரணம் எத்தனை நாளைக்கு வரும் என்று யாரும் பேசி நான் கேட்டதில்லை.

*

ஜே. சி. குமரப்பாவை மறுபடி வாசிக்கிறேன். 1892இல் தஞ்சாவூரில் பிறந்த தமிழ்க் கிறிஸ்தவர். லண்டனில் தணிக்கை படித்து, பம்பாயில் சொந்த ஆபீஸ் நடத்தி, துரைமார்போல உடுத்தி வாழ்ந்தவர். 1929இல் காந்தியைப் பார்த்த பிறகு கதர். காந்தியர்கள் அவரைப் பொருளாதார மேதை என்கிறார்கள். கிறிஸ்தவர்களாகிய நாங்களும் அவரை அந்தப் பக்கமே விட்டுவிட்டு நிம்மதியாக இருக்கிறோம். சபையில் சாது சுந்தர்சிங் கதை வரும், வெள்ளைக்கார மிஷனரிகள் கதை வரும்; குமரப்பா வரமாட்டார். 1942 ‘வெள்ளையனே வெளியேறு’ போராட்டத்தை ஒட்டி ஜபல்பூர் சிறையில் இருந்தபோது இரண்டு புத்தகங்கள் எழுதினார். ஒன்று இயேசுவின் போதனையும் நடத்தையும் பற்றி. இன்னொன்று நிலைத்து நிற்கும் பொருளாதாரம் பற்றி. இரண்டும் 1945இல் வந்தன. பொருளாதாரக்காரர்கள் இரண்டாவதை மட்டும் வாசிக்கிறார்கள். பக்தர்கள் இரண்டையுமே தொடுவதில்லை.

*

1934 ஜனவரியில் பிகார் பூகம்பம். ராஜேந்திர பிரசாத் தலைமையிலான நிவாரணக் குழுவில் பணப்பொறுப்பு குமரப்பாவிடம் வந்தது. தொண்டர் சாப்பாட்டுக்கு நாளுக்கு இத்தனை அணா என்று கறாராக வரம்பு போட்டார். காந்தி தம் ஆட்களோடு வந்தார். அவர்கள் செலவை நிவாரண நிதியில் எழுத முடியாது என்று சொல்லிவிட்டார் குமரப்பா. பணம் வீடிழந்தவர்களுக்காக வந்தது, மகாத்மாவுக்காக அல்ல. காந்தி கோபித்துக்கொள்ளவில்லை. இந்தச் சம்பவத்தை நான் ஒரு ஜெபமாகத்தான் வாசிக்கிறேன். குமரப்பா முன்கோபி என்பதையும் எழுதிவைக்க வேண்டும்.

*

வாங்குகிறவனுக்கும் பொறுப்பு உண்டு என்பது குமரப்பா திரும்பத் திரும்பச் சொன்ன விஷயம். ஒரு பொருள் கொத்தடிமை உழைப்பில் விளைந்திருந்தால் அந்தப் பாவத்தில் காசு கொடுத்தவனுக்கும் பங்கு. பத்து நிமிடத்தில் மளிகை வீடு வந்து சேரும் எங்கள் ஓஎம்ஆர் சாலையில் இதை நினைத்தால் கை நடுங்கும். நினைக்காமலிருக்கத்தான் ஆப் இருக்கிறது.

*

ஞாயிறு. ஆராதனை முடிந்து அடுக்குமாடிகளில் பிரியாணி, விருந்தாளி. அன்றைக்குத்தான் வேலைக்கு வரும் அக்காவுக்குப் பாத்திரம் அதிகம். தையூரிலிருந்து வருகிறார். ஓய்வுநாள் கற்பனையில் வேலைக்காரியும் பேர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கிறாள், மாட்டுக்குக்கூட இடமுண்டு. எங்கள் பிளாக்கில் காலை ஐந்து மணிக்கு வாட்ஸ்அப்பில் வசனம் போடத் தவறாதவர்கள் பலர். அக்காவுக்கு ஞாயிறு லீவு விட்ட வீடு எனக்குத் தெரிந்து ஒன்றே ஒன்று. அந்த வீட்டார் கோயிலுக்கே போகாதவர்கள்.

*

கோவளம் கார்மேல் மாதா கோயில் வரை போய்வந்தேன். அந்தக் கோயிலோடு தொடர்புள்ள ஜான் டி மான்டி என்ற வியாபாரி 1821இல் இறந்தார். தம் சொத்தைத் தர்மத்துக்கு எழுதிவைத்தவர். அந்த அறக்கட்டளை இன்றும் பேசப்படுகிறது. நல்ல காரியம்தான். ஆனாலும் உயிலில் கொடுப்பது எனக்கு அவ்வளவு கஷ்டமாகத் தெரியவில்லை.

*

எங்கள் சபையில் ஒரு மேஸ்திரி. புதுப்பாக்கம், படூர்ப் பக்கம் லேபர் கான்ட்ராக்ட் எடுக்கிறார். ஆட்கள் பெரும்பாலும் ஒடிசாக்காரர்கள். பில்டர் செக் வந்தாலும் வராவிட்டாலும் சனிக்கிழமை சாயங்காலம் கூலி போட்டுவிடுவார். அதற்காக ஒருமுறை மனைவியின் வளையலை அடகு வைத்ததாகக் கேள்வி. சாட்சி சொல்லக் கூப்பிட்டால் எழுந்து வரமாட்டார். பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுவதைப் பற்றி யாக்கோபு நிருபம் ஐந்தாம் அதிகாரத்தில் இருக்கிறது. புத்தாண்டு வாக்குத்தத்த அட்டையில் அச்சடிக்க யாரும் தேடாத இடம்.

*

சிறுசேரியில் வேலை பார்க்கும் நண்பரிடம் இதையெல்லாம் சொன்னேன். “பிரதர், இரட்சிப்பு கிருபையினாலே, கணக்கினாலே இல்லை” என்றார். சரிதான், மறுக்கவில்லை. லூக்காவில் வரும் ஆயக்காரன் சகேயுவை எடுத்துப் பாருங்கள் என்றேன். ஆண்டவர் அவனிடம் பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவனாக எழுந்து நின்று சொன்னது முழுக்கக் கணக்கு: ஆஸ்தியில் பாதி, ஏமாற்றிய இடத்தில் நாலு மடங்கு. இரட்சிப்பு என்ற பேச்சு அதற்குப் பிறகுதான் அந்தக் கதையில் வருகிறது.

நண்பர் போனில் லூக்காவைத் திறந்து வாசித்தார். “அது ஆயக்காரனுக்கு, பிரதர். நமக்குத்தான் டிடிஎஸ் பிடித்துக்கொண்டே கொடுக்கிறார்களே!”