காரைக்குடியில் கரன்ட் சமையல்!

காரைக்குடின்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? பர்மா தேக்கு வீடுகள், ஆத்தங்குடி டைல்ஸ், செட்டிநாடு சிக்கன்... அந்த லிஸ்ட்ல இன்னொண்ணையும் சேர்த்துக்குங்க பாஸ். கரன்ட்டை வெச்சு ஆர்கானிக் கெமிக்கல் சமைக்கிற வித்தை!

ராமேஸ்வரம் ரயில்ல ஏறி காரைக்குடி ஜங்ஷன்ல இறங்குங்க. ஆட்டோக்காரர்கிட்ட 'மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்'னு மூச்சு வாங்கச் சொல்ல வேண்டாம். 'சிக்ரி'ன்னா போதும். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்ததால் இந்த ஊருக்கு வந்த நிறுவனம் இது. 1948-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரியில் டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார்.

பேட்டரி, துரு ஆராய்ச்சிக்குத்தான் சிக்ரி ஃபேமஸ். ஆனா, நாம பார்க்கவேண்டியது ஆர்கானிக் பக்கம். ப்ளஸ் டூ கெமிஸ்ட்ரியைக் கொஞ்சம் ரீவைண்ட் பண்ணுங்க. எலெக்ட்ரானைப் பறிச்சா ஆக்சிஜனேற்றம், கொடுத்தா ஒடுக்கம். இதுக்காக டைக்ரோமேட், இரும்புத்தூள்னு மூட்டை மூட்டையா கொட்டுறாங்க. வேலை முடிஞ்சதும் அத்தனையும் கழிவு. 'கேக்குறது எலெக்ட்ரானைத்தானே... கம்பி வழியா நேராவே கொடுத்துட்டா என்ன?' இதுதான் ஐடியா.

காய்ச்சலுக்கு நாம முழுங்குற பாராசிட்டமாலையே எடுத்துக்குங்க. அதுக்கு முந்தைய ஸ்டெப், பாரா அமினோஃபீனால். பழைய ரூட்ல இரும்புத்தூள் போட்டு ஒடுக்கினா, மிஞ்சுறது இரும்புச் சேறு. சிக்ரி ரூட்ல நைட்ரோபென்சீன், கந்தக அமிலம், கூடவே கரன்ட். உடுப்பாவும் ராவும் 1967-லேயே இதைப் பத்தி ஆய்வுக்கட்டுரை எழுதிட்டாங்க. நைட்ரோபென்சீனும் அமிலமும் எண்ணெயும் தண்ணியும் மாதிரி, ஒட்டாது. அதனால நல்லா கலக்கிவிடணும். எலெக்ட்ரோடையே சுத்தவிடுறது சிக்ரி டெக்னிக்!

இதெல்லாம் லேப் விளையாட்டுன்னு நினைச்சிடாதீங்க. நைலானுக்குத் தேவையான அடிப்போநைட்ரைலை அமெரிக்காவின் மான்சான்டோ கம்பெனி 1965-லேயே கரன்ட்டை வெச்சு டன் கணக்கில் தயாரிக்க ஆரம்பிச்சது.

அப்புறம் ஏன் எல்லா ஃபேக்டரியும் மாறலை? எலெக்ட்ரோடு அரிச்சுப்போகும், கரன்ட் பில் எகிறும். இன்னொரு முக்கியமான சிக்கலும் உண்டு. அந்தக் கரன்ட் நிலக்கரியில் இருந்து வந்தா, இங்கே கழிவைக் குறைச்சு வேறொரு ஊர்ல புகையைக் கூட்டுறோம். அவ்வளவுதான்.

பக்கத்து ராமநாதபுரம் மாவட்டத்துல, கமுதியில் 2016-ல் 648 மெகாவாட் சூரிய மின்நிலையமே வந்தாச்சு. ஆனா, பொழுது சாய்ஞ்சதும் ரியாக்டர் என்ன பண்ணும்? மேகம் மறைச்சா ரியாக்‌ஷன் பாதியில நிக்குமா? கெமிக்கல், எலெக்ட்ரிக்கல், மெக்கானிக்கல்னு எல்லா பிராஞ்ச்சும் சேர்ந்து எழுதவேண்டிய பேப்பர் இது மக்களே!

செப்டம்பர் 26, சி.எஸ்.ஐ.ஆர். நிறுவன நாள். அதையொட்டி மாணவர்களை உள்ளே விடுறது வழக்கம். முன்கூட்டியே விசாரிச்சுட்டு, நாலு ஃப்ரெண்ட்ஸோட கிளம்புங்க. அங்கிருக்கிற விஞ்ஞானிகள்கிட்ட இந்தக் கேள்வியைக் கேளுங்க. செட்டிநாடு சாப்பாட்டை அதுக்கப்புறம் பார்த்துக்கலாம்!