போவிக் கத்தியின் ஊர்

லண்டன் மாநகரிலிருந்து வடக்கே செல்லும் ரயிலில் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் ஷெப்பீல்டு நகரத்தை அடையலாம். ரோமாபுரியைப் போல் ஏழு குன்றுகளின் மீது அமைந்தது எங்கள் ஊர் என்று அவ்வூரார் பெருமை பேசுவர். டான், ஷீப், ரிவ்லின், லாக்ஸ்லி, போர்ட்டர் என்று ஐந்து ஆறுகளும் உண்டு. ஆறு என்றவுடன் காவிரியையும் தாமிரபருணியையும் மனத்தில் வைத்துக்கொண்டு போகிறவர்கள் ஏமாந்து போவார்கள். அவற்றுள் சில, நம் ஊர் வாய்க்கால்களுக்கு மேல் அகலம் இல்லாதவை. ஆனால் அவை குன்றுகளிலிருந்து வேகமாக இறங்கி வருகின்றன. அந்த வேகமே அந்நகரின் மூலதனம். வழிநெடுக அணை கட்டி, நீர்ச்சக்கரம் அமைத்து, அதனால் சாணைக்கற்களைச் சுழற்றினார்கள். சாணைக்கு வேண்டிய மணற்கல் பக்கத்து மலைகளிலேயே கிடைத்தது. பதினான்காம் நூற்றாண்டில் ஆங்கிலக் கவி சாஸர் தம் காண்டர்பரிக் கதைகளில், ஒரு மாவு மில்காரனின் காலுறைக்குள் ஷெப்பீல்டுக் கத்தியைச் செருகி வைத்தார். 1624-ஆம் வருஷம் பார்லிமெண்டுச் சட்டத்தினால் அவ்வூர்க் கத்திக் கொல்லர்களுக்கு ஒரு சங்கம் ஏற்பட்டது. தலைமைக் கோயிலுக்கு எதிரே அச்சங்கத்தின் மாளிகை இன்றும் கம்பீரமாக நிற்கிறது.

"கத்தி பார்ப்பதற்காகவா கடல் கடந்து போனீர்?" என்று நேயர்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. நம் சமையலறையில் அரிவாள்மணை இருக்கிறது. தோட்டத்தில் வெட்டரிவாள் இருக்கிறது. ஐயனார் கோயிலில் ஆளுயர அரிவாளே இருக்கிறது. ஆயினும் சரித்திரம் கற்பிக்கும் எனக்கு ஒரு விஷயம் நெடுநாளாக வியப்பளித்து வந்தது. அமெரிக்க எல்லைப்புற வீரத்தின் சின்னம் என்று உலகம் கொண்டாடும் போவிக் கத்திகளில் மிகப் பல அமெரிக்காவிலே செய்யப்பட்டவை அல்ல; இந்த ஷெப்பீல்டில் செய்து கப்பலேற்றப்பட்டவை. அது எவ்வாறு நேர்ந்தது என்பதை அறியவே சென்ற கோடை விடுமுறையில் அங்கே சென்றேன்.

முதலில் அக்கத்தியின் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஜேம்ஸ் போவி என்பவர் லூயிசியானா ராஜ்யத்தில் நிலமும் அடிமைகளும் வாங்கி விற்றுப் பொருள் சேர்த்தவர். 1827-ஆம் வருஷம் செப்டம்பர் 19-ஆம் தேதி, நாச்செஸ் நகருக்கு அருகே மிஸ்ஸிஸிப்பி நதியின் மணல் திட்டு ஒன்றில் வேறு இருவருக்குள் துப்பாக்கி துவந்த யுத்தம் நடந்தது. இருவர் குறியும் இரண்டு முறை தவறியது. இருவரும் கை குலுக்கிக்கொண்டார்கள். அத்துடன் போயிருந்தால் சரித்திரத்தில் இடமில்லை. வேடிக்கை பார்க்கவும் துணைக்கும் வந்தவர்கள் கைகலந்தார்கள்! குண்டடியும் வாள்குத்தும் பட்ட போவி, தம் இடுப்பிலிருந்த பெரிய கத்தியால் நாரிஸ் ரைட் என்ற பகைவரைக் கொன்றார். பத்திரிகைகள் இந்தச் செய்தியைத் தேசமெங்கும் பரப்பின. 1836-ஆம் வருஷம் மார்ச்சு 6-ஆம் தேதி டெக்ஸாஸில் அலமோ கோட்டை வீழ்ந்தபோது போவியும் மாண்டார். மாண்டவரின் பெயர் கத்திக்கு ஏறிவிட்டது.

அந்த முதற் கத்தி அப்படி ஒன்றும் அலங்காரமானதன்று. அலகின் நீளம் ஒன்பதேகால் அங்குலம், அகலம் ஒன்றரை அங்குலம், ஒரு பக்கமே கூர், வளைவு கிடையாது என்று அவருடைய சகோதரர் ரெசின் போவி 1838-ஆம் வருஷம் எழுதினார். கசாப்புக்காரரின் கத்திக்கும் அதற்கும் அதிக வித்தியாசம் இராது. இன்று படங்களில் நாம் காணும் வடிவம் பின்னால் வந்தது. அலகின் முதுகு முனைக்கு அருகே உட்குழிந்து இறங்கும். கை வழுக்கி அலகின்மேல் போகாதபடி குறுக்கே பித்தளைக் காப்பு இருக்கும். பிடிக்கு மான்கொம்போ தந்தமோ அமைந்திருக்கும். இது மடக்குக் கத்தி அன்று. அலகும் பிடிக்குள் புகும் காம்பும் ஒரே எஃகுத் துண்டு. ஆகையால்தான் வேட்டைக்காரர்கள் மானை உரிக்கவும், சுள்ளி வெட்டவும், ஆபத்து வந்தால் உயிரைக் காக்கவும் அதை நம்பினார்கள். மடிப்பு இருக்கும் இடத்தில்தானே முறிவும் வரும்?

அமெரிக்காவில் இதற்கு ஏற்பட்ட கிராக்கியை ஷெப்பீல்டு வியாபாரிகள் உடனே மோப்பம் பிடித்தார்கள். அவர்களுள் முதன்மையானவர் ஜார்ஜ் வொஸ்டன்ஹோம். அவர் முப்பது முறை அட்லாண்டிக் சமுத்திரத்தைக் கடந்தார் என்று சொல்வார்கள். தம் தொழிற்சாலைக்கு "வாஷிங்டன் ஒர்க்ஸ்" என்றே பெயர் வைத்தார் என்றால் அவருடைய கண் எங்கே இருந்தது என்பதை ஊகித்துக்கொள்ளலாம். "ஐ எக்ஸ் எல்" என்ற மூன்று எழுத்துக்கள் அவர் கத்தியின் முத்திரை. சேர்த்துப் படித்தால் ஆங்கிலத்தில் "நான் விஞ்சுகிறேன்" என்று பொருள்படும்.

அமெரிக்க ராஜ்யங்களோ இந்தக் கத்தியைக் கண்டு நடுங்கின. 1837-ஆம் வருஷம் அலபாமா ராஜ்யம் ஒவ்வொரு போவிக் கத்தி விற்பனைக்கும் 100 டாலர் வரி விதித்தது. மறு வருஷம் டென்னஸி ராஜ்யம் விற்பனையையே தடுத்தது. ஆயினும் கப்பல்கள் நிற்கவில்லை. வாங்குகிறவர்களின் மனத்தைக் குளிர்விப்பதற்காக அலகுகளின்மேல் வாசகங்களையும் பொறித்து அனுப்பினார்கள். "அமெரிக்கர் ஒருபோதும் சரணடையார்" என்று ஒரு கத்தி முழங்கும். "தேசபக்தனின் தற்காப்பு" என்று மற்றொன்று கூறும். இவற்றைப் பொறித்த தொழிலாளிகளில் பெரும்பாலோர் அமெரிக்கக் கரையைக் கண்ணாலும் கண்டிரார்!

இவ்வளவோடு நின்றிருந்தால் வேடிக்கை என்று சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் "அடிமை ஒழிப்புக்கு மரணம்" என்று பொறித்த கத்திகளும் ஷெப்பீல்டிலிருந்து போயின. இதே நகரத்தில்தான் 1825-ஆம் வருஷம் மேரி ஆன் ராசன் முதலிய பெண்மணிகள் அடிமை ஒழிப்புச் சங்கம் கண்டு, அடிமைகள் விளைத்த சர்க்கரையைத் தொடமாட்டோம் என்று வீடு வீடாகப் பிரசாரம் செய்தார்கள். அந்நியப் பண்டத்தைப் பகிஷ்கரித்த நம் தாய்மார்களின் நினைவு எனக்கு வந்தது. ஒரு தெருவில் மனச்சாட்சி. அடுத்த தெருவில் வியாபாரம்.

இனிக் கத்தி செய்த இடங்களுக்கு வருவோம். ஷீப் நதிக்கரையிலுள்ள அபிடேல் தொழிற்கூடம் இப்போது பொருட்காட்சிசாலையாக இருக்கிறது. அங்கே செய்தது அறுவடை அரிவாள்தான். ஆனால் எஃகு உருக்கிய முறை கத்திக்கும் அதுவே. பெஞ்சமின் ஹண்ட்ஸ்மன் என்னும் கடிகாரக்காரர் 1740-களில் கண்டுபிடித்த முறை அது. களிமண்ணை வெறுங்காலால் மிதித்துப் பதப்படுத்திக் குடுவை செய்வார்கள். அதில் இரும்பை இட்டுத் தரைக்குக் கீழே உள்ள உலையில் உருக்குவார்கள். வெண்மையாய்ப் பழுத்த குடுவையை ஒருவன் குழிக்கு மேலே நின்று இடுக்கியால் தூக்குவான். அவனுக்குக் கவசம், காலில் சுற்றிய ஈரச் சாக்கு ஒன்றே.

குடுவை எஃகு என்றதும் தமிழர்க்கு ஒன்று நினைவுக்கு வரவேண்டும். ஹண்ட்ஸ்மனுக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே நம் நாட்டுக் கொல்லர்கள் சிறு மண் குடுவைகளில் எஃகு உருக்கினார்கள். "ஊட்ஸ்" என்று ஐரோப்பியர் அழைத்த அந்த எஃகைப் பற்றி 1795-ஆம் வருஷம் லண்டன் ராயல் சங்கத்தில் கட்டுரை படிக்கப்பட்டது. சென்னை ராஜதானியில் உத்தியோகம் பார்த்த ஜோஸையா மார்ஷல் ஹீத் என்பவர் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நிறுவினார். பின்னர் ஷெப்பீல்டு சென்று, மாங்கனீஸ் சேர்த்து எஃகின் தரத்தை உயர்த்தும் முறைக்கு 1839-ல் காப்புரிமை பெற்றார். அவ்வூர் முதலாளிகள் முறையைச் சிறிது மாற்றிக்கொண்டு, பணம் கொடுக்காமலே அதனைக் கையாண்டார்கள். வழக்காடி வழக்காடியே ஹீத் தம் வாழ்நாளைக் கழித்தார்.

எஃகைக் காய்ச்சி அடித்து அலகாக்குவது ஒருவர் வேலை. செக்கச் செவேலென்று காய்ச்சி நீரில் தோய்ப்பது அடுத்தது. தோய்த்த எஃகு கண்ணாடியைப் போல் கடினமாகிவிடும். கீழே விழுந்தால் உடையும். ஆகவே மறுபடியும் இளஞ்சூட்டில் வாட்டுவார்கள். அப்போது அலகின் மேல் வைக்கோல் நிறம் தோன்றும், பிறகு ஊதா, பிறகு நீலம். எந்த நிறத்தில் சூட்டை நிறுத்த வேண்டும் என்பதிலே கொல்லன் கண்ணின் திறமை விளங்கும். அடுத்தது சாணை. அதைக் காணப் போர்ட்டர் ஆற்றங்கரையில் மரங்களுக்கிடையே ஒளிந்திருக்கும் ஷெப்பர்டு வீல் என்னும் பழைய சாணைக்கூடத்திற்குச் செல்ல வேண்டும்.

வெளியே நீர்ச்சக்கரம், உள்ளே தாழ்ந்த கூரை, சிறு ஜன்னல்கள், வரிசையாகச் சாணைக்கற்கள். ஒவ்வொரு கல்லின் பின்னும் குதிரைச் சேணம் போல் ஒரு மரப்பலகை. அதன்மேல் கால்களை இருபுறமும் போட்டு உட்கார்ந்து, சுழலும் கல்லின்மீது குனிந்து, இரு கைகளாலும் அலகை அழுத்திப் பிடிப்பான் தொழிலாளி. கல் தேயும், தூசி எழும், அந்தத் தூசி மூச்சில் போகும். சில வேளை கல்லே வெடித்து ஆளைக் கொன்றதும் உண்டு. ஆனால் வெடித்த கல்லைவிட வெடிக்காத கல்லே அதிகம் பேரைக் கொன்றது.

1830-ஆம் வருஷம் ஆர்னால்டு நைட் என்ற ஷெப்பீல்டு வைத்தியர் ஒரு கணக்குக் கொடுத்தார். உலர்ந்த கல்லில் முள்கரண்டி தீட்டுவோர் 28 வயதிலிருந்து 32-க்குள் இறக்கிறார்கள். ஈரமும் உலர்வுமாகச் சவரக்கத்தி தீட்டுவோர் 40-லிருந்து 45-க்குள். ஈரக்கல்லில் மேஜைக் கத்தி தீட்டுவோர் 40-லிருந்து 50-க்குள். நான் நாற்பதைக் கடந்தவன். பென்ஷனுக்கும் பெண் கலியாணத்திற்கும் கணக்குப் போடும் வயது. அந்தக் கூடத்தில், அந்த மரச்சேணத்திற்கு அருகே நின்று இந்தக் கணக்கை நினைத்தபோது சிறிது நேரம் வாய் பேச வரவில்லை.

தூசியை உறிஞ்சி வெளியேற்றும் விசிறி அக்காலத்திலேயே இருந்தது. தொழிலாளிகள் சிலர் அதை வேண்டாம் என்றார்கள். சில இடங்களில் உடைத்தும் போட்டார்கள். அறியாமை என்று சொல்லி நாம் நகர்ந்துவிடக் கூடாது. ஆயுள் நீண்டால் ஆட்கள் பெருகுவார்கள், ஆட்கள் பெருகினால் கூலி குறையும் என்று அஞ்சினார்கள். குழந்தைகளின் ரொட்டிக்காகத் தங்கள் நுரையீரலை விலையாகக் கொடுத்தார்கள். மனிதன் இப்படிக் கணக்குப் போடும்படி விட்ட சமூகத்தைத்தான் அறியாமை பிடித்தது என்று சொல்ல வேண்டும்.

1890-ஆம் வருஷம் அமெரிக்கா விதித்த கடும் சுங்கவரி ஷெப்பீல்டின் கத்தி வியாபாரத்தை ஒடித்தது. 1940 டிசம்பரில் ஜெர்மன் விமானங்கள் இரண்டு இரவுகள் குண்டு பொழிந்தன. வாஷிங்டன் ஒர்க்ஸும் தப்பவில்லை. அந்த யுத்தத்தில் பிரிட்டிஷ் கமாண்டோப் படைகள் ஏந்திய ஒடுங்கிய குத்துக்கத்திகளில் ஒரு பகுதியை இதே ஊர்க் கொல்லர்கள் செய்தார்கள். இன்று அந்நாட்டில் தக்க காரணம் இல்லாமல் இத்தகைய கத்தியைத் தெருவில் எடுத்துச் செல்வது குற்றம். பழைய போவிக் கத்திகள் சேகரிப்போரின் பேழைகளுக்குள் போய்விட்டன. அர்க்கன்ஸா ராஜ்யத்தின் லிட்டில் ராக் நகரத்துப் பொருட்காட்சிசாலையில் அவற்றுக்கென்றே ஓர் அறை இருக்கிறது.

சேகரிப்போர் முதலில் பார்ப்பது பிடிக்கு அருகிலுள்ள முத்திரையைத்தான். முத்திரை இருந்தால் விலை ஏறும். போலி முத்திரையும் நடமாடுவதால் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார்கள். கத்தியை ஏந்தியவரின் பெயர் உலகத்திற்குத் தெரியும்; விற்றவரின் பெயர் எஃகிலே இருக்கிறது. தீட்டியவனின் பெயர் எங்கும் இல்லை. ஆனால் அலகைச் சற்றுச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். முதுகிலிருந்து விளிம்புவரை ஒரே சீராக, ஒரு மயிரிழையும் பிசகாமல் இறங்கும் சரிவு தெரியும். அது அவன் கை. பழங்கத்தி எதையேனும் காண நேயர்களுக்கு வாய்க்குமானால், முத்திரையைப் படிப்பதற்கு முன் அந்தச் சரிவை ஒரு நிமிஷம் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.