உரைக்கு உரை

சென்ற மாதம் பாகூர் மாணவர் ஒருவர் மடிக்கணினியோடு வில்லியனூரில் உள்ள என் இல்லத்திற்கு வந்திருந்தார். ஒன்று முதல் பத்து இலட்சம் வரையுள்ள எண்களைக் கூட்டும் நிரலை எழில் மொழியிலும் பைத்தானிலும் எழுதி, இரண்டையும் ஓடவிட்டுக் காட்டினார். பைத்தான் உடனே விடை தந்தது. எழிலுக்காக நாங்கள் காத்திருந்தோம். "தமிழ்ல எழுதுனா மெதுவாத்தான் ஓடுமா, ஐயா?" என்றார். தமிழ் கற்பிப்பதையே தொழிலாகக் கொண்ட எனக்கு அக்கேள்வி சுருக்கென்று தைத்தது.

எழில், முத்தையா அண்ணாமலை உருவாக்கி 2009-இல் அறிவித்த நிரல்மொழி. அதில் என்னைக் கவர்ந்தது அதன் தொடரமைப்பு. ஆங்கில வழி நிரல்மொழிகளில் நிபந்தனைச் சொல் முன்னே நிற்கும். எழிலிலோ '@(அ > 5) ஆனால்' என்று நிபந்தனை முன்னும் சொல் பின்னுமாக வரும். இந்த 'ஆனால்' நாம் பேச்சில் எதிர்மறுக்கப் பயன்படுத்தும் இடைச்சொல் அன்று. 'ஆகுமாயின்' எனப் பொருள்படும் வினையெச்சம். இலக்கண ஆசிரியனுக்கு இதைவிட மகிழ்ச்சி வேறென்ன!

தாமதத்திற்குக் காரணம் தமிழ் அன்று. எழில் நிரலைப் படித்து அதன் வாக்கிய அமைப்பை ஒரு மரமாக ஆக்கிக்கொண்டு, கிளை கிளையாக ஏறிப் பொருள் சொல்வது ஓர் உரையாசிரியர். அவர் பைத்தானில் எழுதப்பட்டவர். பைத்தானுக்கோ அதன் மெய்நிகர் எந்திரம் உரை சொல்ல வேண்டும். ஆக, இது உரைக்கு உரை. பத்து இலட்சம் முறை சுழன்றால், பத்து இலட்சம் முறையும் 'கூட்டு' என்பதற்குப் புதிதாகப் பொருள் சொல்லப்படுகிறது.

உரையாசிரியரிடமிருந்தே மொழிபெயர்ப்பாளரைப் பெறலாம் என்று ஜப்பானியரான ஃபுடாமுரா 1971-இலேயே காட்டினார். ஆரக்கிளின் ட்ரஃபிள் என்னும் சட்டகம் அக்கருத்தின் வழிவந்தது. நாம் உரையாசிரியரை மட்டும் எழுதினால் போதும். மரத்தின் ஒவ்வொரு கணுவும் தன்னிடம் வருவனவற்றைக் கவனித்து, முழு எண்களே வருமாயின் அவற்றுக்கெனத் தன்னைக் குறுக்கிக்கொள்ளும். பலமுறை ஓடியபின் மரம் முழுவதும் எந்திரமொழியாக உருகிவிடும். ஒரே பாடலை நூறுமுறை நடத்தியவர் உரைநூலைப் பிரிப்பதில்லை அல்லவா, அதுபோல.

விலையும் உண்டு. ட்ரஃபிளுக்கு உரையாசிரியரை ஜாவாவில் மீண்டும் எழுத வேண்டும். பைபை திட்டத்தின் ஆர்பைத்தான் பைத்தானுக்கு நெருங்கிய உறவு. ஆயினும் 2020-இல் ஆதரவு முடிந்த பைத்தான் 2-இன் நடையிலேயே நிற்கிறது. மேலும், பத்து வரி எழுதும் பள்ளிப் பிள்ளைக்கு இவற்றால் பயனில்லை. சட்டகம் சூடேறுவதற்குள் நிரல் முடிந்துவிடும். பிள்ளைகளுக்கென்றே பிறந்த எழில் எளிய வழியைத் தேர்ந்தது சரியே என்பது என் எண்ணம். ஆனால் சங்கநூல்கள் அனைத்திலும் சொல்லெண்ணிப் பார்க்க விரும்புகிற என்னைப் போன்றவனுக்கு, அதையும் தமிழிலேயே எழுத வேண்டும் என்ற ஆசை இருக்கிறதே.

இதையெல்லாம் மாணவரிடம் சொன்னேன். "அப்ப இலக்கணம் மாறாதா?" என்றார். மாறாது, '@' முன்னும் 'ஆனால்' பின்னும் அப்படியே நிற்கும், உரைகாரர்தாம் மாறுவார் என்றேன்.

இப்போது அவர் ஜாவா படிக்கிறார். நேற்று தொலைபேசியில் பேசினார். எண்ணுக்கு ஒன்று, கூட்டலுக்கு ஒன்று என இரண்டு கணுக்கள் எழுதியாயிற்றாம். 'முடி' என்னும் சொல்லுக்கு இன்னும் வரவில்லை.